அப்பன் ஜாடை

வலைக்கூடத்துத் தக்காளிச் செடிகளுக்கு இரண்டு கதவு உண்டு. பெரியவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திய பிறகுதான் அடுத்த கதவைத் திறக்கலாம். ஒரு தேனீகூட நுழைந்துவிடக் கூடாது என்று விதைக் கம்பெனி அப்படிக் கட்டியிருந்தது. தக்காளியின் மானத்துக்கு அவ்வளவு காவல். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், பெரியவளும் அவள் புருஷனும் படுப்பது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில். மறைப்புக்கு ஒரு பழைய திரை. மாமனாருக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் அந்தத் திரையை விலக்கிக்கொண்டுதான் போகும். கொழுந்தனின் குழந்தைக்கு ஆட்டம் வந்தால் அந்தத் திரைதான் ஊஞ்சல். இந்த லட்சணத்தில் படுக்க வைத்துவிட்டு, இத்தனை வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லையே என்று அவளைக் கேட்காத வாய் அந்த வீட்டில் இல்லை. கேள்வி கேட்க மட்டும் மனிதர்களுக்குக் கூச்சமே வராது.

வீட்டில் கதவுள்ள அறை இரண்டு. ஒன்று சின்னவளுக்கு. அதாவது ஓரகத்திக்கு, தம்பி மனைவிக்கு. குழந்தை பெற்றவள், அறை அவளுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. இன்னொன்று நாத்தனாருக்கு. செடிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள், கல்யாணம் வேண்டாம் என்றவள், அதே விதைக் கம்பெனியின் சோதனைக் கொட்டகையில் பெரிய உத்தியோகம். கூடத்தில் மாமனார். படுத்த படுக்கையாகி இடுப்பில் புண் வந்துவிட்டது. உள்ளங்கையை வைத்து மூடினாலும் மூடாத புண்.

அந்தப் புண் பெரியவளுடைய சொத்து. காலையிலும் மாலையிலும் இடுக்கியைக் கொதிநீரில் போட்டெடுத்து, சீழை வழித்து, அழுகின சதையைக் கிள்ளி எடுத்து, மருந்துத் துணி வைத்துக் கட்டுவாள். சின்னவளுக்கு அந்தப் பக்கம் போனாலே குமட்டும். நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்று, “பெரிய அண்ணி கை மாதிரி வராது” என்பாள். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுவார்கள். அந்த வீட்டில் யாருக்கு முள் குத்தினாலும், சிராய் ஏறினாலும் பெரியவள்தான் எடுக்க வேண்டும். கை ராசி என்று சொல்லிச் சொல்லியே அவள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள்.

புண்ணைப் பார்க்க வந்த நர்ஸ், இதற்கு எந்த மருந்தும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாப்பிடும்போது நாத்தனார் அதற்கு விளக்கம் சொன்னாள். படித்ததை வீணாக்கக் கூடாதில்லையா.

“பாக்டீரியாவுக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் கிடையாது. ஒண்ணு வளர்ந்து ரெண்டாப் பிளக்கும், ரெண்டு நாலாகும். எல்லாம் ஒரே அச்சு. அதுல எப்பவாவது ஒண்ணு கொஞ்சம் மாறிப் பொறக்கும், மருந்தைத் தாங்கிக்கும். மத்ததெல்லாம் செத்துடும், அது மட்டும் பெருகும். அதோட விட்டாப் பரவாயில்லையே. பக்கத்துல வேற ஜாதி பாக்டீரியா இருந்தா, நடுவுல ஒரு குழாய் மாதிரி போட்டு அந்த வித்தையைக் கொடுத்துடும். பெத்துதான் கொடுக்கணும்னு இல்ல.”

“அப்ப வேற யார் மேலயாவது பட்டா?” என்று பெரியவள் கேட்டாள்.

“தோல் மேல பட்டாக் கழுவிக்கலாம். உள்ள போற மாதிரி காயத்துல பட்டா அவ்வளவுதான். அப்பாவுக்குக் கேக்காத மருந்து அவங்களுக்கும் கேக்காது. அதான் இடுக்கியைக் கொதிக்க வைக்காம தொடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்.”

சின்னவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே சிரித்தாள். “நம்ம அக்காவுக்கும் அந்த மாதிரி ஒரு வழி இருந்தா நல்லா இருக்கும். பாதியாப் பிளந்தாவது ஒண்ணு பெத்துக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளின் புருஷனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. அவனுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதம்தான்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் அந்த அறிவிப்பு வந்தது. வலைக்கூடத்துக்கு ஒரு மேஸ்திரி வேண்டும். அந்தப் பருவத்தில் யாருடைய பாத்தியில் விதை சுத்தமாக வருகிறதோ அவளுக்கே வேலை. கூடவே வேலியோரம் இருக்கிற இரண்டு அறை வீடு. குடும்பத்தோடு அங்கேயே தங்கிச் செடிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவள் மதிய இடைவேளையில் போய் அந்த வீட்டை எட்டிப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒரு ஜன்னல். ஆனால் கதவு இருந்தது. கெட்டிக் கதவு. உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் துருப்பிடித்து ஒடிந்து கிடந்தது. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் ஒரு புதுத் தாழ்ப்பாள் வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, துணி மடிப்புக்குள் வைத்தாள். வீடு கிடைப்பதற்கு முன்பே தாழ்ப்பாள் வாங்குகிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அவளுக்கு வேண்டியது மேஸ்திரி வேலை இல்லை. உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் யாருடைய தண்ணீருக்கும் எழுந்திருக்காமல் புருஷன் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அவ்வளவே.

வேலை இப்படி. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் குடியிருக்கும். விட்டால் தன்னைத் தானே கட்டிக்கொண்டு காய்த்துவிடும். கம்பெனிக்கு வேண்டியது அது இல்லை. ஒரு ஜாதித் தாய்க்கு வேறு ஜாதி அப்பனைக் கட்டி வைத்த விதைதான் விலைபோகும். அதனால் பூ விரிவதற்கு முன்பே, மொட்டை இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட வேண்டும். இதற்குப் பெண்கள் வைத்த பேர் ‘ஆண் எடுப்பது’. மறுநாள் காலையில் அப்பன் செடியின் பொடி வரும். அவரவர் பாத்திக்கென்று வண்ண நூல் கட்டிய சின்னக் குப்பியில் வரும். அதை விரலில் மாட்டிய கிண்ண மோதிரத்தில் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு பூவின் நுனியையும் அதில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

“புருஷன் போடாத மோதிரத்தைக் கம்பெனி போட்டுச்சு பாரு” என்று பெண்கள் விரலை ஆட்டிக்காட்டிச் சிரிப்பார்கள்.

விதை சுத்தமா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். தாய்ச்செடிகள் எல்லாம் பச்சைத் தண்டு. அப்பன் செடி ஊதாத் தண்டு. ஊதா என்பது பச்சையை அமுக்கிவிடும் நிறம். ஆகவே முறைப்படி பிறந்த நாற்று ஒவ்வொன்றும் ஊதாத் தண்டோடுதான் முளைக்கும். பெண்கள் அதை ‘அப்பன் ஜாடை’ என்பார்கள். பச்சையாக முளைத்தால் ‘அம்மா ஜாடை’. அதாவது வேலைக்காரி தூங்கிவிட்டாள், ஆண் எடுக்காமல் மொட்டை விட்டுவிட்டாள், தாய் தன்னைத் தானே கட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். அந்த வலைக்கூடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து அம்மா ஜாடை என்று சொல்வதைவிடப் பெரிய வசவு கிடையாது.

பெரியவளின் பாத்தியில் இருந்த தாய்க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதன் இலை வெட்டுப்படாமல் அகலமாக இருக்கும், பார்த்தால் உருளைக்கிழங்குச் செடியோ என்று தோன்றும். அதே வலைக்கூடத்தில் பக்கத்துப் பாத்தி சின்னவளுடையது; அந்தத் தாய்க்கும், அப்பனுக்கும் சாதாரண வெட்டிலை. அகல இலையும் பச்சைத் தண்டு மாதிரிதான், வெட்டிலையின் பக்கத்தில் வந்தால் அடங்கிப் போய்விடும். அதனால் பெரியவளின் நாற்றுகள் சரியாகப் பிறந்தால் ஊதாத் தண்டு, வெட்டிலை. தப்பாகப் பிறந்தால் பச்சைத் தண்டு, அகல இலை. இரண்டிலும் சேராமல் ஏதாவது முளைத்தால் அதற்கும் பெண்கள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். ‘பக்கத்து வீட்டு ஜாடை.’ அப்படி ஒன்று முளைத்ததே இல்லை. சும்மா சொல்லிச் சிரிக்க வைத்த பேர்.

அந்தப் பருவம் முழுக்கப் பெரியவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். பிடுங்கிய மகரந்தப் பைகளை உடனுக்குடன் சுண்ணாம்புக் குழியில் கொட்டினாள். செடிக்குச் செடி இடுக்கியை ஸ்பிரிட்டில் நனைத்தாள். ஆனால் அடிக்கடி வீட்டிலிருந்து ஆள் வரும். அப்பா கட்டு அவிழ்ந்துவிட்டது, அப்பா நனைத்துவிட்டார், பெரிய அண்ணியை வரச் சொல். மோதிரத்தைக் கழற்றி, பொடிக் குப்பியைக் கதவோரப் பலகையில் வைத்துவிட்டு ஓடுவாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

சின்னவள் மட்டும் தான் பிடுங்கியதைச் சுண்ணாம்புக் குழியில் கொட்டாமல், ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருப்பதைப் பெரியவள் ஒருமுறை பார்த்தாள்.

“எதுக்கு அது?”

“மஞ்சளா அழகா இருக்கில்லக்கா? பாப்பா விளையாடக் கேட்டா.”

வீட்டில் அது விளக்குச் சூட்டில் காய்ந்துகொண்டிருந்ததையும் பார்த்தாள். குழந்தை கேட்டால் தாய் கொடுக்கத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள். குழந்தை விஷயத்தில் பேச அவளுக்கு அந்த வீட்டில் உரிமையும் இல்லை.

காய் பழுத்து, விதை எடுத்து, மாதிரி விதை சோதனைக் கொட்டகைக்குப் போயிற்று. தட்டுகளில் முளைத்ததும் மேனேஜர் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டார். நாத்தனார் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவளின் தட்டு பூராவும் ஊதா. பெரியவளின் தட்டில் பாதிக்குப் பாதி பச்சை.

“என்னம்மா இது?” என்றார் மேனேஜர்.

“நான் ஒரு மொட்டுகூட விடல சார்.”

“விடாமதான் இவ்வளவு அம்மா ஜாடையா? படுத்துத் தூங்கினா வேற என்ன முளைக்கும்?”

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. பெரியவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டு, “இலை வந்ததும் இன்னொரு தடவை பார்க்கணும் சார், அதான் முறை” என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரியவள் காத்திருந்தாள். மாமனாரின் புண்ணை இன்னும் பதமாகக் கழுவினாள். நாத்தனாரின் துணிகளையும் சேர்த்துத் துவைத்தாள். இலை வந்தது. நாத்தனார் இரண்டாவது தடவையும் பார்த்தாள். “அம்மா ஜாடைதான் சார்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தட்டுகளைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டச் சொன்னாள்.

மேனேஜர் ஈவு இரக்கம் பார்க்கிற ஆள் இல்லை. அந்தப் பருவம் முழுக்கப் பெரியவள் உண்டாக்கிய விதையைச் சாக்கோடு கொண்டுவரச் சொல்லி, “உன் கையாலயே கொட்டு, அப்பதான் புத்தி வரும்” என்றார். எல்லோரும் பார்க்க அவளே அதைச் சுண்ணாம்புக் குழியில் கொட்டினாள். கொட்டும்போது அவள் அழவில்லை. சாக்கை உதறி மடித்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு வலைக்கூடத்துக்கு வெளியே களை பிடுங்குகிற வேலை.

சின்னவள் மேஸ்திரியானாள். சாமான் கட்டுகிற அன்றைக்கு நடைக்கு வந்து, திரையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. துணி மடிப்புல ஒரு தாழ்ப்பாள் வச்சிருக்கீங்கல்ல? சும்மாத்தானே கிடக்கு. அந்த வீட்டுக் கதவுல தாழ்ப்பாள் இல்ல.”

பெரியவள் எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் அதை இழுத்துத் தள்ளிப் பார்த்து, “நல்ல கெட்டியா இருக்கு” என்றாள். காலியான அறைக்கு மறுநாளே நாத்தனாரின் புத்தகங்களும் நாற்றுத் தட்டுகளும் குடிவந்தன. நடையில் திரை இருந்த இடத்திலேயே இருந்தது.

மழை வந்துபோன பிறகு, களை பிடுங்கிக்கொண்டே பெரியவள் சோதனைக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். அங்கே குப்பை மேட்டில், கொட்டிய நாற்றுகளில் சில வேர்பிடித்து நின்றன. தன் விதையில் பிறந்தவை என்று தெரிந்து குனிந்தாள். திட்டுவதற்காகத்தான் குனிந்தாள். இவை முளைத்த முளையில்தானே அவள் வாழ்க்கை மண்ணாகப் போனது. தண்டைப் பார்த்தாள். பச்சை. இலையைப் பார்த்தாள்.

வெட்டிலை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மொட்டை விட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் இது அகல இலையாக இருந்திருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த பொடியைத் தொட்டிருந்தால் தண்டு ஊதாவாக இருந்திருக்க வேண்டும். பச்சைத் தண்டும் வெட்டிலையும் சேர்ந்த ஒரே தாய் சின்னவள் பாத்தியில்தான் இருந்தது. இடுப்பில் செருகிய காகிதமும், விளக்குச் சூட்டில் காய்ந்த மஞ்சளும், கதவோரப் பலகையில் தான் வைத்துவிட்டு ஓடிய குப்பியும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சின்னவள் குப்பியில் இருந்த பொடியைக் கொட்டிவிட்டுத் தன் பாத்திப் பொடியை நிரப்பியிருக்கிறாள். பச்சையாக முளைத்தால் போதும் என்று தண்டை மட்டும் நினைத்தவள், இலையை மறந்துவிட்டாள்.

பெரியவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கோபம் இல்லை, அழுகை இல்லை, சந்தோஷம். கையில் சாட்சி இருக்கிறது. நாத்தனாரிடம் காட்டினால் போதும், படித்தவள், மேனேஜரிடம் அவள் சொன்னால் எடுபடும். ஒரு நாற்றை வேரோடும் மண்ணோடும் பிடுங்கி முந்தானையில் பொதிந்துகொண்டு, பிள்ளையைத் தூக்கிப் போகிறவள் போல நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்கு வந்தாள்.

நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து, தட்டுகளில் செருகுகிற மரக்குச்சிகளைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள். பெரியவள் நாற்றை அவள் முன்னால் வைத்தாள்.

“பாரும்மா. பக்கத்து வீட்டு ஜாடை.”

நாத்தனார் ஒரு பார்வை பார்த்தாள். குச்சி சீவுவதை நிறுத்தவில்லை.

“ஆமா” என்றாள்.

“ஆமாவா? இது சின்னவ பாத்திம்மா. அவ என் குப்பியில—”

“தெரியும் அண்ணி. இலை வந்த அன்னைக்கே தெரியும். தட்டு பூரா வெட்டிலை. சின்ன அண்ணி பாவம், தண்டோட நிறுத்திட்டாங்க.”

“அப்புறம் ஏம்மா அம்மா ஜாடைன்னு சொன்னே?”

“வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உண்மையைச் சொல்லியிருந்தா வீடு உங்களுக்கு. நீங்க போயிடுவீங்க. அப்பா புண்ணை யார் பாக்கறது, நானா?” நாத்தனார் குச்சியின் முனையை ஊதினாள். “சின்ன அண்ணி போனதுல இந்த வீட்டுக்கு ஒரு டம்ளர்கூடக் குறையல. நீங்க போயிருந்தா வீடே நாறியிருக்கும். உங்களைப் பெருமையாத்தான் சொல்றேன்.”

பெரியவள் முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

“அதுவும் இல்லாம, புள்ளையா குட்டியா, உங்களுக்கு எதுக்கு அண்ணி தனியா ஒரு வீடு? போங்க, அப்பாவுக்குக் கட்டு மாத்துற நேரம். அடுப்புல வெந்நீர் வைங்க.”

பெரியவள் நாற்றை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் போட்டாள். சமையலறையில் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்து மாமனாரைப் புரட்டினாள். இடுக்கியால் கட்டைப் பிரித்து, சீழை வழித்து, அழுகினதைக் கிள்ளிக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். கிழவர் முனகினார். அவள் கை நிதானமாக இருந்தது, எப்போதும் போல.

“ஐயோ!” என்று நாத்தனார் கத்தினாள். குச்சி பிளந்து கட்டை விரலின் அடிச்சதையில் ஆழமாகச் சிராய் ஏறியிருந்தது. ரத்தம் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கையை உதறிக்கொண்டு, வழக்கமாகச் செய்கிற மாதிரி, பெரியவள் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். “எடுங்க அண்ணி, உயிர் போகுது. உங்க கைக்குத்தான் வரும்.”

பெரியவள் அந்தக் கையைப் பிடித்தாள். மெத்தென்று இருந்தது, சாணி சகதி எதுவும் தொடாத கை. இன்னொரு கையில் இருந்த இடுக்கியை முந்தானையில் துடைத்தாள்.

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். சட்டென்று ஞாபகம் வந்தவள் போல, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“இடுக்கியைக் கொதிக்க வச்சீங்கல்ல அண்ணி?”

“வச்சேம்மா. ஆடாம இரு, கொஞ்சம் ஆழத்துல இருக்கு. வேரோட எடுத்துடறேன்.”

சிராய் போயிருந்த வழியிலேயே அவள் இடுக்கியை உள்ளே விட்டாள். எடுக்க வேண்டியதற்கும் மேலே ஆழமாக விட்டு, ஒரு சுற்று திருப்பி, பொறுமையாக எடுத்தாள். சமையலறையில் தண்ணீர் சில்லென்று இருந்தது. அடுப்பை அவள் பற்ற வைக்கவே இல்லை.